உப்புக் காற்றில் கேம் கன்சோல்: வாங்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

ராமேஸ்வரம் தீவிலோ, மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, தொண்டி பக்கத்திலோ கடலை ஒட்டி வீடு இருப்பவர்கள் கேம் கன்சோல் (டிவியில் இணைத்து வீடியோ கேம் ஆடும் பெட்டி; சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் போன்றவை) வாங்கலாமா என்று கேட்டால், இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பாதிதான் உதவும். அவை படத்தின் தெளிவையும் வேகத்தையும் பேசும். இங்கே ஒரு கன்சோலின் ஆயுளைத் தீர்மானிப்பவை உப்பு, கரண்ட், வெக்கை ஆகிய மூன்றும்தான். கூடவே நெட் இணைப்பு. இந்த நான்கையும் சமாளிக்க முடியும் என்றால் வாங்கலாம், நன்றாகவே உழைக்கும். சமாளிக்க முடியாது என்றால் ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி இரண்டே மழைக்காலத்தில் படுத்துவிடும்.

முதலில் எதற்காக வாங்குவது என்பதில் தெளிவு வேண்டும். கன்சோலின் பெரிய பலம் ஒரே டிவி முன்னால் இரண்டு பேர், நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஆடுவது. கால்பந்து ஆட்டம் ஒன்று போதும். 2023 முதல் ஃபிஃபா என்ற பெயரை விட்டு எஃப்சி என்று வருகிறதே, அதுதான். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் என்று எல்லோரும் மாற்றி மாற்றி ஆடலாம். ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஒருவராக ஒதுங்குவதைவிட இது வீட்டுக்கு நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. செல்போன் ஆட்டங்கள் இலவசம் என்று தொடங்கி, துப்பாக்கிக்கு உறை, உடைக்கு நிறம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கறக்கும். கன்சோலில் பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒருமுறை பணம் கட்டினால் முடிந்தது. அதே நேரம், வீட்டில் ஒரே ஒருவர்தான் ஆடப்போகிறார், அவரும் படிப்புக்காக எப்படியும் கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார் என்றால் கன்சோலைத் தள்ளிப்போடுவதே சரி.

இனி உப்பு. கடற்காற்றில் வரும் உப்புத் துகள் தூசியோடு சேர்ந்து சர்க்யூட் போர்டில் படிகிறது. காய்ந்திருக்கும்வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை நெருங்கும்போது சாப்பாட்டு உப்பே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நசநசக்கத் தொடங்கிவிடும். நம் பக்கம் ராத்திரியில் இந்த அளவு ஈரம் சாதாரணம். அப்போது போர்டின் மேல் இருப்பது வெறும் தூசி அல்ல, மின்சாரம் கடத்தும் உப்புத்தண்ணீர்ப் படலம். பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையே மின்கசிவு, பச்சை பூத்த செம்பு, துருப்பிடித்த திருகு எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

இதனால்தான் தினமும் ஒரு மணி நேரம் ஓடும் கன்சோலைவிட மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் கன்சோல் சீக்கிரம் கெடுகிறது. ஓடும்போது உள்ளே சூடு ஏறி ஈரம் காய்ந்துவிடும். பரீட்சை முடியும்வரை தொடக்கூடாது என்று மூன்று மாதம் ஷோகேஸில் வைத்துப் பூட்டுவதுதான் ஆபத்து. அப்படி எடுத்து வைக்க வேண்டுமென்றால் ஒருமணி நேரம் ஆறவிட்டு, இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். 50 லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் பொட்டலம் நாலு போதும். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால் எப்போது ஈரம் குடித்து முடித்தது என்று கண்ணாலேயே தெரியும். மாறியதும் மணிகளைத் தட்டில் கொட்டி 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் கவலை இல்லை.

முதலில் பாதிக்கப்படுவது கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலரின் சார்ஜ் ஓட்டை. ஈரமான முனையில் கரண்டும் ஓடினால் உலோகம் பல மடங்கு வேகமாக அரிக்கும். எனவே சார்ஜ் ஏறியதும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரவு முழுக்கக் குத்தியே வைக்கும் பழக்கம் வேண்டாம். கடலில் குளித்துவிட்டு வந்த கையோடு கன்ட்ரோலரைத் தொடவும் விடாதீர்கள். அடுத்தது கன்சோலிலிருந்து டிவிக்குக் கேபிள் போகும் எச்டிஎம்ஐ ஓட்டை. இதற்குக் கேபிளை அடிக்கடி பிடுங்கிக் குத்துவதே எதிரி. துருப்பிடித்த வாயில் கோணலாகக் குத்தும்போது உள்ளேயுள்ள மெல்லிய முனை மடங்கிவிடும். ஒருமுறை குத்தினால் அப்படியே விட்டுவிட வேண்டும்.

வெளியே துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சுத்தமான ஆல்கஹாலில் உப்பு ஏறக்குறைய கரையாது. மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்து வெளிக்கூட்டைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதுதான் சரி. போர்டில் உப்பு ஏறிவிட்டது என்றால் தெரிந்த மெக்கானிக்கும் இதையே செய்வார்: டிஸ்டில்டு வாட்டரால் உப்பைக் கரைத்து, ஆல்கஹாலால் தண்ணீரை விரட்டி, முழுக்க உலர்த்துவார். அதை வீட்டில் முயல வேண்டாம். பிளேஸ்டேஷன் 5-இன் சிப்புக்கு மேல் பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் இருக்கிறது. சிப்பின் சூட்டை இழுக்கும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க்கை அவிழ்த்தால் அது சிதறி ஷார்ட் ஆகலாம்.

தூசி எடுப்பதை மட்டும் வீட்டிலேயே செய்யலாம். கன்சோலை முழுக்க அணைத்து, பிளக்கைக் கழற்றி, பக்கத் தகடுகளைக் கையால் நெகிழ்த்தி எடுங்கள். விசிறி தெரியும். இழுவை குறைவான சின்ன வாக்குவம் கிளீனரால் தூசி பிடிக்கும் துளைகளை உறிஞ்சி எடுங்கள். காற்று ஊதுவதானால் விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் மணல் வீட்டுக்குள் வரும். அந்த மாதங்களில் மாதம் ஒருமுறையும் மற்ற நாட்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் செய்தால் போதும்.

வைக்கும் இடத்துக்கு ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 35 டிகிரி. பிளேஸ்டேஷன் 5-க்கு சோனி சொல்லும் அறை வெப்பத்தின் உச்சவரம்பு அது. ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் சித்திரை வைகாசி மத்தியானத்தில் அறை அதைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் ஆடாமல் காலையிலோ இரவிலோ ஆடுவதுதான் ஒரே வழி. தரையில் வைக்க வேண்டாம். இரண்டடி உயரத்தில், கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே இல்லாமல், பின்னாலும் பக்கத்திலும் பத்து சென்டிமீட்டர் இடைவெளியோடு வையுங்கள். ஓடும்போது துணி போர்த்தவே கூடாது.

கரண்ட் விஷயத்தில் எல்லோரும் பயப்படுவது லோ வோல்டேஜுக்கு. உண்மையில் இன்றைய கன்சோல்களின் பவர் சப்ளை பலவற்றில் 100 முதல் 240 வோல்ட் வரை என்றே அச்சடித்திருக்கும். 170 வோல்ட் வந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். கொல்வது ஹை வோல்டேஜ். கடற்காற்றில் கம்பத்து நியூட்ரல் இணைப்பு அரித்து விட்டுப்போனால் 230 வரவேண்டிய வீட்டில் 400 வோல்ட் வரை ஏறலாம். அந்த நேரத்தில் சாதாரண ஸ்பைக் கார்டு காப்பாற்றாது. மின்னல் போன்ற நொடிநேரத் துள்ளலை மட்டுமே அது தாங்கும், அதற்கும் எர்த் சரியாக இருக்க வேண்டும். எனவே ஸ்டெபிலைசரைத் தேடாமல், வோல்டேஜ் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டித்து, சீரானபின் சில நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுக்கும் ஹை-லோ கட் ஆஃப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு மெயினிலேயே போட்டால் ஃபிரிட்ஜும் தப்பும்.

எர்த்தை அவசியம் சோதியுங்கள். உப்பு மண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எர்த்துக்காகப் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் சில ஆண்டுகளிலேயே மண்ணுக்குள் கரைந்துபோகும். மேலே பார்த்தால் கம்பி இருக்கும், கீழே பைப் இருக்காது. மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை அழைத்து பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. இடி இடிக்கும் ஐப்பசி கார்த்திகையில் பிளக்கையும் கேபிள் டிவி ஒயரையும் கழற்றிவிடுவதற்கு இணையான பாதுகாப்பு எதுவும் இல்லை.

இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றால், சைன் வேவ் வகையாக இருந்தால் ஓட்டலாம். ஸ்கொயர் வேவ் வேண்டாம். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை யுபிஎஸ் பக்கம் வைத்தால்தான் கரண்ட் மாறும் நொடியில் கன்சோல் அணையாமல் நிற்கும். பிளேஸ்டேஷன் 5 கனமான ஆட்டத்தில் சுமார் 200 வாட் எடுக்கும். டிவி, ஃபேன், லைட்டோடு 400 வாட் என்று வைத்தால், 150 ஏஎச் பேட்டரி நல்ல நிலையில் இரண்டரை மணி நேரம் தரும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 80 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். கரண்ட் அடிக்கடி போகும் கிராமத்தில் இது சின்ன வித்தியாசம் அல்ல.

ஆட்டம் சேவ் ஆகும்போதோ, கன்சோல் முழுக்க அணையாமல் தூங்கும் ரெஸ்ட் மோடில் இருக்கும்போதோ கரண்ட் போய், அடுத்த முறை மெதுவாகத் திறந்தாலோ ஆட்டங்கள் காணாமல் போனதுபோல் காட்டினாலோ பதற வேண்டாம். பிளேஸ்டேஷன் 5-ஐ முழுக்க அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை, அதாவது ஏழு நொடி அழுத்திப் பிடியுங்கள். பழுது பார்ப்பதற்கான சேஃப் மோட் திறக்கும். கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்து, ஐந்தாவது வரியில் உள்ள, கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) துடைத்து டேட்டாபேஸை (உள்ளே இருப்பவற்றின் பட்டியல்) திரும்பக் கட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஆட்டமும் சேவும் அழியாது. கீழே உள்ள ரீசெட் வரிகளை மட்டும் தொட்டுவிடாதீர்கள். கரண்ட் நம்பிக்கையில்லாத வீட்டில் ரெஸ்ட் மோடைப் பழக்கமாக்காமல் முழுக்க அணைப்பதே மேல்.

மின்கட்டணம் பயப்படும் அளவு இல்லை. தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லுக்கு கன்சோல் 24 யூனிட், டிவி ஒரு 12 யூனிட். ஆனால் ஏற்கெனவே 480 யூனிட் ஓடும் வீடு என்றால் கவனம். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை கிடைக்கும் குறைந்த கட்டணம் போய்விடும். கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, பழைய யூனிட்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும்.

அடுத்து எந்த மாடல் என்பது. நெட் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே இதை முடிவு செய்ய வேண்டும். பெரிய ஆட்டம் ஒன்று 100 ஜிபி. 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் அதை இறக்க ஐந்தரை மணி நேரம். செல்போனில் நாளுக்கு 2 ஜிபி ஹாட்ஸ்பாட் என்றால் ஐம்பது நாள். ஆகவே ஃபைபர் வராத ஊரில் டிஸ்க் இல்லாத மாடலை வாங்குவது பணத்தை முடக்குவதற்குச் சமம். விலை குறைவு என்று சீரிஸ் எஸ் பக்கம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அதில் டிஸ்க் போட வழியே கிடையாது. 512 ஜிபி மாடலில் கையில் கிடைப்பது 364 ஜிபிதான், மூன்று நாலு பெரிய ஆட்டத்தில் நிரம்பிவிடும். முதல்முறை திறக்கவே நெட் வேண்டும். பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 54,990, டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல் 44,990 ரூபாய். அந்தப் பத்தாயிரத்தை டிஸ்க்குக்காகக் கொடுப்பது நம் பகுதிக்கு நியாயமான செலவு. பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகளும் அதில் ஓடும். ஆடி முடித்ததை நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். டிஸ்க் இருந்தாலும் ஆட்டம் உள்ளே காப்பியாகித்தான் ஓடும், அப்டேட்டும் கேட்கும். ஆனால் முதல் 100 ஜிபி மிச்சம்.

டிஜிட்டலாக வாங்கியவர்கள் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். புயல் மழையில் நெட் இரண்டு நாள் போனால், வாங்கிய ஆட்டம்கூடத் திறக்காமல் பூட்டு போட்டுக் காட்டும் என்ற புகார் அடிக்கடி வரும். பிளேஸ்டேஷனில் கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே என்ற அமைப்பு இயங்கினால் இந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்பாக்ஸில் அதையே ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்பார்கள். ஒரே கணக்கில் ஒரு கன்சோலுக்குத்தான் இதைப் போட முடியும். அந்தக் கணக்கு உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும். கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கில் ஆட்டம் வாங்கினால் ஆட்டம் அவருடையது.

நின்டெண்டோ ஸ்விட்ச்சையும் மறக்க வேண்டாம். கரண்ட் போனாலும் கையில் வைத்து ஆடலாம். 2019-இல் திருத்தி வந்த சாதாரண ஸ்விட்ச்சிலும் ஓஎல்இடி மாடலிலும் பேட்டரி நாலரை மணி நேரத்துக்குக் குறையாது என்று நிறுவனம் சொல்கிறது; ஸ்விட்ச் லைட்டிலும் ஸ்விட்ச் 2-இலும் அதைவிடக் குறையலாம். ஆட்டம் சின்ன கார்ட்ரிட்ஜில் வரும். ஆனால் நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இறக்குமதிக் கடையின் வாரண்டிதான், அதாவது அந்தக் கடைக்காரரின் வாய்வார்த்தைதான்.

"மச்சான் துபாய்லருந்து வர்றாப்ல, ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லவா?" கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் இந்தக் கேள்வி இல்லாத வீடு குறைவு. சொல்லலாம். டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, கரண்டும் ஒத்துப்போகும். பிளக் மட்டும் தடிமனான மூன்று முனையாக இருக்கும். பிளேஸ்டேஷன் 5-இன் பின்னால் போவது டேப்ரிக்கார்டருக்கு வரும் எட்டு வடிவ ஒயர்தான், நல்ல தரத்தில் உள்ளூரிலேயே கிடைக்கும். இழப்பது வாரண்டியை. இங்கே வாங்கினால் ஒரு வருடம் உண்டு, அங்கே வாங்கியதை இங்கே பார்க்கமாட்டார்கள். இன்னொன்று, பிளேஸ்டேஷன் கணக்கைத் தொடங்கும்போது கொடுத்த நாட்டைப் பிறகு மாற்றவே முடியாது. டிஸ்க் ஒரு நாடும் கணக்கு வேறு நாடுமாக இருந்தால் ஆட்டம் ஓடும், கூடுதலாக வாங்கும் பகுதிகள் சேராது. மச்சான் தொடர்ந்து அங்கிருந்தே டிஸ்க் அனுப்புவாரா, நீங்கள் இங்கே வாங்குவீர்களா என்று முதலிலேயே பேசிவிட்டு நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.

பெட்டி விலையோடு நிற்காது. இரண்டாவது கன்ட்ரோலர் ஆறாயிரம் ரூபாய் பக்கம். புது ஆட்டம் நாலாயிரம், ஐந்தாயிரம். காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை நெட்டில் மற்றவர்களோடு ஆட மாதச் சந்தா தனி. இலவச ஆட்டங்களுக்குத் தேவையில்லை. டிவி எச்டிஎம்ஐ உள்ளதாக இருக்க வேண்டும், பழைய குழாய் டிவியில் நேரடியாக இணைக்க வழி இல்லை. 32 இன்ச் எச்டி டிவியே தொடக்கத்துக்குப் போதும். டிவி மெனுவில் கேம் மோடை மட்டும் போடுங்கள், பட்டன் அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் இடையிலுள்ள தாமதம் குறையும்.

கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சியைத் தொடாமலே ஆட்டத்தில் தானாக நகர்வது எல்லா ஊரிலும் உள்ள நோய். உள்ளே கார்பன் பூச்சின் மேல் ஒரு முனை உராய்ந்தபடி ஓடுகிறது. பூச்சு தேயும், அல்லது அதில் அழுக்கு சேரும். அழுக்கு என்றால் துளி ஆல்கஹால் விட்டுக் குச்சியைச் சுற்றினால் சில வாரம் தாங்கும். தேய்ந்தது என்றால் மாற்றத்தான் வேண்டும். ஒரு குச்சிக்கு 14 முனை ஈயப்பற்று எடுக்க வேண்டியிருப்பதால் செல்போன் ரிப்பேர் கடையில் கை தேர்ந்தவரிடம் கொடுங்கள். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் வகைக் குச்சியைப் போடச் சொன்னால் உராய்வு இல்லை, நம் காற்றுக்கு அதுவே ஏற்றது.

பிள்ளைகளுக்குத் தனிக் குழந்தைக் கணக்கு திறந்து, தினசரி நேரத்தையும் செலவு வரம்பையும் அதிலேயே கட்டிவிடலாம். பிளேஸ்டேஷனில் நேரம் முடிந்ததும் அறிவிப்பு மட்டும் காட்டுவதா, வெளியேற்றிவிடுவதா என்று கேட்கும். வெளியேற்றுவதைப் போடுங்கள், இல்லாவிட்டால் தினமும் வீட்டில் சண்டைதான். பெரியவர் கணக்குக்கு பாஸ்கோடு போடாமல் விட்டால் இந்தக் கட்டுப்பாடு எதுவும் நிற்காது.

பழையது வாங்குவதாக இருந்தால், முதலில் செல்போன் டார்ச்சை யுஎஸ்பி, எச்டிஎம்ஐ ஓட்டைகளுக்குள் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ பச்சைப் பூப்போ தெரிந்தால் அது கடலோரத்தில் கவனிப்பில்லாமல் கிடந்த பெட்டி. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பிளேஸ்டேஷன் 4 என்றால் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். சூடான பெட்டிக்குள் கரப்பான் குடியேறுவது மிகச் சாதாரணம். டிஸ்க்கை மூன்று நாலு முறை போட்டு எடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் நெட்டில் நுழைந்து பாருங்கள், தடை செய்யப்பட்ட கன்சோல் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். கனமான ஆட்டம் ஒன்றை அரைமணி நேரம் ஓடவிட்டு விசிறி அலறுகிறதா, தானாக அணைகிறதா என்று கவனியுங்கள். முதல் மாடல் பிளேஸ்டேஷன் 5-ஐ நிற்கவைத்துப் பயன்படுத்தினாரா, படுக்கவைத்தா என்று கேளுங்கள். திரவ உலோகம் இடம் மாறும் ஆபத்து குறைவு என்பதால் ரிப்பேர்காரர்கள் படுக்கவைத்ததையே விரும்புவார்கள். எல்லாம் சரி என்றால், விற்பவர் உங்கள் கண் முன்னால் ஷேரிங் அமைப்பை அணைத்து, கன்சோலை ரீசெட் செய்து, முதல் திரை மொழி கேட்கும் நிலைக்கு வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.